மகளுக்கு விற்கும் குதிரை

திருப்பூரைச் சுற்றியுள்ள பின்னலாடை உலகில் கைமாறாத பொருள் அரிது. நிட்டிங் எந்திரமாகட்டும், ஓவர்லாக் தையல் எந்திரமாகட்டும், ஜெனரேட்டராகட்டும், சுமைவண்டியாகட்டும், அதன் பின்னே இரண்டு மூன்று உரிமையாளர்களின் வரலாறு மறைந்திருக்கும். ஆர்டர் குறைந்து ஒரு தெருவில் கதவடைத்த சிறு கம்பெனியின் எந்திரம், அடுத்த தெருவில் நம்பிக்கையோடு விளக்கேற்றும் இன்னொரு கம்பெனியின் முதல் எந்திரமாகிறது. ஒருவருடைய முடிவு மற்றொருவருடைய தொடக்கமாகும் இந்த விந்தையை அவிநாசியில் பங்குப்பணி ஆற்றும் நான் அன்றாடம் காண்கிறேன். புதுப்பொருள் வாங்கப் பணமில்லாத ஏழைக்கு முதலாளி ஆகும் வழியைத் திறந்து வைப்பது பழைய பொருள்தான். ஆகவே பழைய பொருளின் வாணிகத்தை நான் ஒருபோதும் இழிவாக எண்ணியதில்லை.

ஆனால், அன்பர்களே, பழைய பொருளோடு ஒரு பழைய சிக்கலும் சேர்ந்தே கைமாறுகிறது. பொருளின் குறையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். இந்த இடைவெளியை நிரப்பத்தான் 'வாரண்டி' என்ற சொல் நம் கடைவீதிக்கு வந்தது. 'உத்தரவாதம்' என்று தமிழில் எழுதுகிறோம். உத்தரம் என்றால் மறுமொழி. நாளை ஒரு கேள்வி எழுந்தால் மறுமொழி சொல்ல நான் இருப்பேன் என்று ஒருவர் மற்றொருவருக்குக் கொடுக்கும் வாக்கே உத்தரவாதம். அந்த வாக்கு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற கேள்வியை என் முன்னே கொண்டுவந்து நிறுத்தியது ஒரு சிறிய சுமைவண்டி.

எங்கள் பங்கைச் சேர்ந்த குடும்பத்தலைவர் ஒருவர் பல ஆண்டுகள் பனியன் கம்பெனியில் தையல் எந்திரத்தில் அமர்ந்து உழைத்தவர். முதுகுவலி தாங்காமல் அந்த வேலையை விட்டார். மனைவியின் நகையை அடகு வைத்தும், பைனான்ஸில் கடன் பெற்றும், நம் மக்கள் 'குட்டியானை' என்று செல்லமாக அழைக்கும் வகையைச் சேர்ந்த பழைய சுமைவண்டி ஒன்றை வாங்கினார். நிட்டிங்கில் இருந்து துணி ரோல்களைச் சாயப்பட்டறைக்கும், அங்கிருந்து காம்பாக்டிங்குக்கும், பிறகு கட்டிங் மேசைக்கும் கொண்டுசேர்ப்பது அவர் தொழில். தாமே ஓட்டினார். வண்டி ஓடினால்தான் மாதத் தவணையான 'டியூ'வும் ஓடும்; அடுப்பும் எரியும்.

வண்டியை விற்றவர் ஆறு மாத வாரண்டி என்று அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்திருந்தார். இரண்டாம் மாதத்திலேயே வண்டி நடுவழியில் கொதித்து நின்றது. பட்டறைக்கு இழுத்துச் சென்று பார்த்தபோது, ஆயில் மூடியின் அடியில் பால்போல் வெளுத்த குழம்பு படிந்திருந்தது. எஞ்சினின் மேற்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கெட் பழுதாகித் தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டன என்பதற்கு அது அடையாளம். ஹெட்டை இறக்க வேண்டும். லேத் பட்டறையில் அதைச் சமன் செய்ய வேண்டும். பல பாகங்களை மாற்ற வேண்டும்.

"சாமி, பேப்பர்ல ஆறு மாசம்னு போட்டிருக்குதுங்க. ரெண்டாவது மாசமே நின்னுபோச்சுங்க. கேட்டா, எஞ்சினுக்குத்தான் வாரண்டி, கேஸ்கெட்டுக்கு இல்லைங்கறாருங்க. கேஸ்கெட் இல்லாம எஞ்சின் ஓடுங்களா?" என்று அவர் என்னிடம் கேட்டார். பிறகு, "போன பணம் முதலை வாயில போனமாதிரிதானுங்க" என்று பெருமூச்செறிந்தார்.

அவிநாசியில் இந்தச் சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. முதலை விழுங்கிய சிறுவன் ஒருவன், ஆண்டுகள் பல கழிந்தபின் சுந்தரர் பாடிய பதிகத்தால் உயிரோடு மீண்டான் என்பது இவ்வூர்த் திருக்கோயிலின் தலவரலாறு. எச்சமயத்தவர் ஆனாலும் இங்குள்ள பிள்ளைகள் அக்கதையைக் கேட்டே வளர்கிறார்கள். ஆகவே இவ்வூரில் முதலை வாய் என்று சொல்பவரின் மனத்தில், திரும்பக் கிடைக்கலாம் என்ற சிறு நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டிருக்கும் போலும்.

அவர் தந்த தாளை வாங்கிப் படித்தேன். முன்பக்கத்தில் 'எஞ்சின், கியர்பாக்ஸ் வாரண்டி ஆறு மாதம்' என்று பெரிய எழுத்து. பின்பக்கத்தில் சிறிய எழுத்து. கேஸ்கெட், ரப்பர் பாகங்கள், கிளட்ச், மின்பாகங்கள் ஆகியவை நீங்கலாக என்று ஒரு வரி. வண்டி கொதித்ததால் விளையும் சேதத்திற்குப் பொறுப்பில்லை என்று மற்றொரு வரி. முன்பக்கம் கொடுத்ததைப் பின்பக்கம் திரும்ப வாங்கிக்கொண்டது.

இதில் வியப்பதற்கு ஏதுமில்லை. வாரண்டி என்பது அதில் எழுதப்பட்ட அளவுக்கே உரிய வாக்கு. புத்தம் புதிய கார் ஒன்றைப் பற்றிய வழக்கில்கூட, 2006 ஆம் ஆண்டு, உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மாருதி உத்யோக் நிறுவனத்திற்கும் சுசீல் குமார் கப்கோத்ரா என்பவருக்கும் இடையே எழுந்த வழக்கு அது. பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் வாரண்டி சொல்கிறது. ஆகவே முழுக் காரையே மாற்றித் தரும்படி கட்டளையிட இயலாது என்று நீதிமன்றம் கூறியது. புதிய காருக்கே இப்படியென்றால், பலர் கைபட்ட வண்டிக்கு எழுதிக் கொடுக்கும் தாள் எவ்வளவு தூரம் துணைவரும்?

நம் நாட்டில் 1930 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. தாளில் எழுதாத சில பாதுகாப்புகளையும் அது வாங்குபவருக்குத் தருகிறது. இன்ன வேலைக்காக இப்பொருள் வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி ஒருவர் வாங்கினால், பொருள் அவ்வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அவ்வகைப் பொருளையே வாணிகம் செய்பவரிடம், இன்ன பொருள் என்ற விவரத்தின் பேரில் வாங்கினால், அது விற்பனைக்குரிய தரத்தோடு இருக்க வேண்டும். ஆனால் வாங்குபவர் முன்னரே பரிசோதித்துப் பார்த்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தென்பட்டிருக்க வேண்டிய குறைக்கு இரண்டாவது பாதுகாப்பு பொருந்தாது. பொதுவாகவோ, வாங்குபவரே விழித்திருக்க வேண்டும் என்பதுதான் அச்சட்டத்தின் அடிப்படை. விழித்திருந்தாலும் எஞ்சினுக்குள் இருப்பதைக் கண் காணுமா?

ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது நம் வழக்கமன்று. விற்றவருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வேறு சமயத்தைச் சேர்ந்தவர். ஆயினும், "சாமி கூப்பிட்டா வராம இருப்பனுங்களா?" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கையில் வண்டிச்சாவிக் கொத்து ஒன்றைத் திருப்பிக்கொண்டே பேசினார்.

"வண்டி கொதிக்கறப்பவே நிறுத்தியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதுங்க. மீட்டர்ல முள்ளு மேல ஏறுனதப் பார்த்தும் ஓட்டியிருக்காருங்க" என்றார். வாங்கியவர் இதை மறுக்கவில்லை. சாயப்பட்டறையில் ஷிஃப்ட் மாறுவதற்குள் சரக்கு போய்ச்சேர வேண்டும் என்ற அவசரத்தில், முள் ஏறியதைக் கண்டும் சில கிலோமீட்டர் ஓட்டியது உண்மையே என்றார்.

பிறகு விற்றவர் சொன்ன ஒரு வாக்கியம் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. "சாமி, நான் பைனான்ஸ்காரங்க ஏலத்துல எடுத்த வண்டிங்க இது. அங்க இருக்கறது இருக்கறபடிதான் எடுக்கோணும். எனக்கு யாருங்க வாரண்டி குடுத்தாங்க?"

நியாயமான கேள்வி. தவணை கட்ட முடியாமல் போன யாரோ ஒருவரிடமிருந்து நிதி நிறுவனம் இந்த வண்டியைக் கைப்பற்றியிருக்கிறது. அந்த முதல் மனிதர், வண்டியைப் பறிகொடுக்கும் வேதனையில், அதன் நோயைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நிதி நிறுவனம் வண்டியை ஓட்டிப் பார்ப்பதில்லை. அதன் கடன் கணக்கைத்தான் பார்க்கும். ஏலத்தில் எடுத்த வணிகருக்கு எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வாய்ப்பில்லை. இவ்வாறு ஒவ்வொருவருடைய மௌனமும் அடுத்தவருக்குக் கைமாறி, இறுதியில் மௌனத்தை மேலும் கைமாற்ற வழியற்ற ஒருவரின் தலையில் வந்து இறங்குகிறது. பெரும்பாலும் அந்தக் கடைசி மனிதர்தான் எல்லாரினும் ஏழை.

அன்றிரவு, குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்கள் நினைவுக்கு வந்தன. புனித தோமா அக்குவினாஸ் 13 ஆம் நூற்றாண்டில் எழுதிய இறையியல் பெருநூலுக்குச் 'சும்மா' என்று பெயர். தொகுப்பு என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். 'பெயர்தான் சும்மா, படித்தால் சும்மா விடாது' என்று நாங்கள் நகைப்பதுண்டு. அந்நூலின் இரண்டாம் பகுதியில், நீதி என்னும் நற்பண்பைப் பேசும் இடத்தில், வாங்கல் விற்றலில் நிகழும் ஏமாற்றைப் பற்றித் தனியே ஒரு வினா உண்டு. அதில் அவர் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று குதிரை. அக்காலத்தின் சுமைவண்டி அதுதானே!

அவர் கூறுவதன் சாரம் இது. விற்கும் பொருளில் மறைவான குறை இருந்து, அது வாங்குபவருக்கு இழப்பையோ இடரையோ விளைவிக்குமானால், கேளாவிட்டாலும் விற்பவர் அதைச் சொல்லக் கடமைப்பட்டவர். நொண்டும் குதிரையை வேகமான குதிரை என்று விற்பதும், இடியும் நிலையில் உள்ள வீட்டை உறுதியான வீடு என்று விற்பதும் அநீதி. ஆனால் ஒற்றைக்கண் குதிரையைப்போல் குறை வெளிப்படையாகத் தெரிந்து, விலையிலும் அதற்கேற்பக் குறைத்துக்கொண்டால், விற்பவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. குறையைப் பறைசாற்றினால் வாணிகம் எப்படி நடக்கும் என்ற மறுப்பையும் அவர் எண்ணிப் பார்க்கிறார். ஊரறியப் பறைசாற்றத் தேவையில்லை. வாங்க வந்து எதிரே நிற்பவரிடம் தனியாகச் சொன்னால் போதும் என்பது அவர் விடை. வாணிகம் அறியாத துறவியின் விடை என்று இதைத் தள்ளிவிட முடியுமா?

'எனக்குத் தெரியாது' என்பவருக்கும் அவர் மறுமொழி வைத்திருக்கிறார். குறையை அறியாமல் விற்றவர்மேல் பாவமில்லை. ஆனால் குறை தெரியவந்தபின் வாங்கியவருக்கு ஈடுசெய்ய அவர் கடமைப்பட்டவர். இங்கே அக்குவினாஸ் குற்றத்தையும் கடமையையும் பிரித்துக் காட்டுகிறார். குற்றம் இல்லாத இடத்திலும் கடமை இருக்கலாம். நம்மிடையே நடக்கும் பெரும்பாலான சச்சரவுகள், 'நான் குற்றவாளி அல்லேன்' என்று நிறுவிவிட்டால் கடமையும் தீர்ந்தது என்று எண்ணுவதாலேயே நீள்கின்றன. நடுநிலை தவறாத அவர், வாங்குபவரையும் விட்டுவைக்கவில்லை. விற்பவர் அறியாமையால் பொன்னைப் பித்தளை விலைக்குக் கொடுத்துவிட்டால், வாங்கியவரும் ஈடுசெய்ய வேண்டும் என்கிறார்.

இதே குதிரை நம் நாட்டுச் சட்டப் புத்தகத்திலும் நிற்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், மோசடி என்பதை விளக்கும் 17 ஆம் பிரிவின்கீழ்ச் சில எடுத்துக்காட்டுகள் தரப்பட்டுள்ளன. ஒருவர் ஏலத்தில் குதிரை ஒன்றை விற்கிறார். அது நோயுற்றது என்று அவருக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். அடுத்த எடுத்துக்காட்டில் அதே குதிரையை வாங்குபவர் விற்பவரின் மகள்; அண்மையில்தான் உரிய வயதை எட்டியவள். இப்போது அந்த உறவின் காரணமாகவே உண்மையைச் சொல்ல அவர் கடமைப்பட்டவர் ஆகிறார். மூன்றாவதில், வாங்குபவர் ஒரு கேள்வியை எழுப்புகிறார். நீங்கள் மறுக்காவிட்டால் குதிரைக்கு நோயில்லை என்றே எடுத்துக்கொள்வேன் என்கிறார். விற்பவர் அப்போதும் பேசாதிருந்தால், அந்த மௌனமே பேச்சாகிவிடுகிறது.

குதிரையும் ஒன்று, நோயும் ஒன்று, விற்பவரும் ஒருவரே. மாறுவது வாங்குபவரின் முகம் மட்டும். அயலாருக்கு விற்றால் வாளாவிருக்கலாம். மகளுக்கு விற்றால் சொல்ல வேண்டும். சட்டத்தை நான் குறைகூறவில்லை. சட்டம் எல்லாருக்கும் பொதுவான தாழ்வரம்பைத்தான் வகுக்க முடியும். அறிந்த உண்மையை முனைந்து மறைப்பது மோசடியே என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் அக்குவினாஸ் கேட்பது அதற்கும் மேலானது. வாங்க வரும் ஒவ்வொருவரையும் மகளின் இடத்தில் வைக்கச் சொல்கிறார் அவர். நம் வள்ளுவர் வணிகரின் அறத்தைப் பொருள்செயல்வகை அதிகாரத்தில் வைக்காமல், நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் வைத்ததையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். பிறர் பொருளையும் தம் பொருளாகக் கருதுவதே நல்ல வாணிகம் என்ற அக்குறளின் கருத்து, மகளுக்கு விற்கும் குதிரையிலிருந்து தொலைவில் இல்லை.

மறுவாரம் இருவரும் வந்தபோது நான் மறைப்போதனை எதுவும் செய்யவில்லை. விற்றவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "இந்த வண்டியை உங்கள் மாப்பிள்ளைக்குக் கொடுத்திருந்தால், சாவியைக் கையில் கொடுக்கும்போது என்ன சொல்லியிருப்பீர்கள்?"

அவர் சாவிக் கொத்தைத் திருப்புவதை நிறுத்தினார். சற்று நேரம் கழித்து, "தண்ணி கொறையுதுங்க மாப்ள, டெய்லி பார்த்து ஊத்திக்கோங்க, முடிஞ்சா ஹெட்டக் கழட்டி ஒருக்கா பார்த்துருங்கன்னு சொல்லியிருப்பனுங்க சாமி" என்றார்.

ஏலத்தில் எடுத்தபின் அவருடைய மெக்கானிக் ரேடியேட்டரில் தண்ணீர் குறைவதைக் கண்டிருக்கிறார். கசிவை அடைக்கும் மருந்தை ஊற்றியிருக்கிறார்கள். கசிவு நின்றதுபோல் இருந்தது. சிக்கல் தீர்ந்தது என்று இவரும் நம்ப விரும்பினார். 'தண்ணி கொறையுதுங்க' என்ற அந்த ஒரு சொல் விற்பனை நாளில் சொல்லப்பட்டிருந்தால், வாங்கியவர் முள்ளைக் கண்டதும் வண்டியை நிறுத்தியிருப்பார். ஆறு மாத வாரண்டித் தாள் செய்யாத வேலையை அந்த ஒரு வாக்கியம் செய்திருக்கும்.

இருவருக்கும் பொதுவான மெக்கானிக் ஒருவர் எஞ்சினைப் பார்வையிட்டார். பழைய நோயும் உண்டு. கொதித்தபின் ஓட்டியதால் கூடிய சேதமும் உண்டு என்றார். உதிரி பாகங்களின் விலையையும் லேத் பட்டறைச் செலவையும் விற்றவர் ஏற்றார். வேலைக்கூலியையும் வண்டி நின்ற நாள்களின் இழப்பையும் வாங்கியவர் ஏற்றார். அதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டனர். அதன் பின்பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. வாங்கியவருக்கு முழு நிறைவு என்று சொல்ல மாட்டேன். வண்டி நின்ற மூன்று வாரத்தின் டியூவுக்காக மற்றொரு நகையும் அடகுக்குப் போயிற்று.

எல்லாச் சச்சரவும் இப்படிப் பேசித் தீர்வதில்லை என்பதை நான் அறிவேன். பேச்சு தோற்றால் சட்டத்தின் கதவைத் தட்டுவதில் தவறில்லை. அது பகைமை அன்று, உரிமை. 1986 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பதிலாக 2019 ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட வேண்டும். வழக்கறிஞர் இன்றியும் முறையிடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. விற்றவர் வேறு மாவட்டத்தில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம் என்பது புதிய சட்டம் தந்த பெருநன்மை. தகுந்த சோதனை செய்யாமல் ஒரு பொருளின் உழைப்புக்கும் ஆயுளுக்கும் வாரண்டி கொடுப்பதையே நேர்மையற்ற வணிகமுறை என்று அச்சட்டம் கூறுகிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்து வழி கேட்கவும் இயலும்.

ஆயினும் ஒரு வரம்பு உண்டு. நம் தொழிற்பகுதி மக்கள் அதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். வாணிக நோக்கத்திற்காக வாங்குபவர் இச்சட்டத்தின் பார்வையில் நுகர்வோர் ஆகமாட்டார். இதை விளக்கிய புகழ்பெற்ற தீர்ப்பு நம் அண்டை நகரோடு தொடர்புடையது. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் என்னும் தொழிற்கூடம், கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் எந்திரம் ஒன்றை வாங்கியது. தாமதமாகவும் குறைபாட்டோடும் வந்ததாகக் கூறி நுகர்வோர் மன்றத்தை நாடியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வாணிக நோக்கத்திற்காக வாங்கியதால் அத்தொழிற்கூடம் நுகர்வோர் அன்று என்று 1995 இல் தீர்ப்பாயிற்று. அதே தீர்ப்பு எளியவர்களுக்கு ஓர் அடைக்கலத்தையும் உறுதிப்படுத்தியது. சொந்த உழைப்பால் பிழைப்பதற்கென ஒருவர் ஆட்டோவையோ எந்திரத்தையோ வாங்கித் தாமே இயக்கினால் அவர் நுகர்வோரே. பிறர் மட்டுமே இயக்குவதற்காக வாங்கினால் அல்லர். தம் வண்டியைத் தாமே ஓட்டிய எங்கள் பங்கு அன்பருக்கு அந்த அடைக்கலம் உண்டு. பத்து வண்டி வாங்கிப் பத்து ஓட்டுநரை அமர்த்தும் முதலாளி உரிமையியல் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும்.

ஆகவே பழைய வண்டி வாங்கப்போகும் அன்பர்களுக்குச் சில சொற்கள். தாளின் பின்பக்கத்தை முதலில் படியுங்கள். எந்தப் பாகம் அடங்கும், எது அடங்காது, பழுதுபார்க்கும் செலவு யாருடையது என்பதை எழுத்தில் கேளுங்கள். விற்பவர்க்கு வேண்டாத மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். வண்டி அதே மாநிலத்தில் பதிவானதானால், விற்றவர் 14 நாள்களுக்குள் உரிமை மாற்றத்தைப் பதிவு அலுவலகத்திற்கு அறிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதில் சோம்பல் வேண்டா. பழுது வந்தால், எஞ்சினைப் பிரிக்கும் முன்பே விற்றவருக்கு எழுத்து மூலம் தெரிவித்துப் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரித்தபின் பழைய நோய் எது, புதிய நோய் எது என்று நிறுவுவது கடினம். எல்லாவற்றிற்கும் மேலாக, அந்த மூன்றாம் எடுத்துக்காட்டின் கேள்வியை முகம் பார்த்துக் கேளுங்கள். 'இந்த வண்டியில் நீங்கள் அறிந்த குறை ஏதேனும் உண்டா? இல்லையென்றே நான் எடுத்துக்கொள்ளலாமா?' கேட்பதற்கு நாணுவானேன்? உண்மையுள்ள வணிகர் அக்கேள்வியால் புண்பட மாட்டார்.

விற்கும் அன்பர்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை. நம் பின்னலாடைத் தொழிலே அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பனியன் கம்பெனிகளின் செக்கிங் மேசையருகே நின்று பார்த்திருக்கிறீர்களா? நம் சகோதரிகள் ஒவ்வொரு உடையையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறார்கள். ஓட்டையோ, கறையோ, நூல் விடுபாடோ தென்பட்டால், அந்த இடத்தைக் காட்டும் சிறு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுகிறார்கள். சீர்செய்ய முடிந்ததைச் சீர்செய்கிறார்கள். முடியாதது 'செகண்ட்ஸ்' என்ற பெயரோடு, குறைந்த விலையில், திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளைப் போன்ற இடங்களுக்குப் போகிறது. வாங்குபவரும் 'செகண்ட்ஸ்' என்று அறிந்தே மகிழ்ச்சியோடு வாங்கி உடுத்துகிறார். அங்கே குறை இருக்கிறது, ஏமாற்று இல்லை. குறையைச் சுட்டும் அந்தச் சிறு ஸ்டிக்கரைவிடச் சிறந்த வாரண்டித் தாள் எந்த அச்சகத்திலும் அச்சாவதில்லை.

நாம் கைமாற்றுபவை வண்டியும் எந்திரமும் மட்டும் அல்ல. பொறுப்பைக் கைமாற்றுகிறோம்; வீட்டைக் கைமாற்றுகிறோம்; மணம் பேசும்போது ஒரு குடும்பத்தின் நலத்தையும் நலிவையும் கைமாற்றுகிறோம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் நாம் அறிந்த ஒரு குறை நம் நாவின் நுனியில் வந்து நிற்கும். சொன்னால் விலை கொஞ்சம் குறையும். சொல்லாவிட்டால் அந்த விலையை வேறொருவர், நம்மைவிட எளியவர், நடுவழியில் நின்று செலுத்துவார். வாங்க வந்து எதிரே நிற்பவர் யாருடைய மகளோ, யாருடைய மகனோ என்பதை அந்த நொடியில் நினைத்துக்கொள்வோம். சாவியோடு அந்த ஒரு வாக்கியத்தையும் சேர்த்தே கொடுப்போம்.